என் நாய் ஏன் என் சொல் கேட்டது

1

போன மாதம் என்னை ஒரு மண்டபத்தில் நாயோடு நின்று செய்துகாட்டச் சொன்னார்கள். விஷயம் இதுதான்: நம்முடைய நாய்க்கு நாம் அமைதியான, தன்னம்பிக்கையுள்ள தலைவனாக இருப்பது எப்படி? சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊரில் பிறந்து, நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்று வளர்ந்த ஒருவனை நோர்வேக்காரருக்கு முன்னால் நிறுத்தி, "இவரைப் பார்த்துப் பழகுங்கள்" என்றால் எவருக்கும் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. அன்று வேலை முடிந்து வந்து, சோற்றைக் கோப்பையில் போட்டு, இரண்டு வாய் வைத்துவிட்டு மூடிவிட்டேன்.

என் நாய் என் சொல் கேட்பதற்கு உண்மையான காரணம் ஒன்று இருந்தது. அது எனக்கும் நாய்க்கும் மட்டும் தெரியும். என் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அவள் நாயைக் கொண்டுபோய்விடுவாள், அதோடு வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிடுவாள் என்ற பயத்தில் மாதக்கணக்காக அதை மறைத்துக்கொண்டிருந்தேன்.

நான் இருப்பது பேர்கன் என்ற நகரத்தில். மழைக்குப் பேர்போன ஊர். இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறேன். மனைவி ரெஜினா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே பிள்ளை செலின், பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நகரத்தின் மறுபக்கத்தில் சிநேகிதிகளோடு சேர்ந்து ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். பேருந்தில் அரைமணித்தியாலம்தான். அந்த அரைமணித்தியாலத்தைத் தாண்டி அவள் வருவது நத்தார்ப் பண்டிகைக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் என்று ஆகிவிட்டிருந்தது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றாலாவது சமாதானம் பேசப் போகலாம். "படிக்க இருக்கு அப்பா" என்பாள். அந்த ஒரு சொல்லை எதிர்த்து எந்தத் தமிழ்த் தகப்பன் வாய் திறப்பான்?

2

ரெஜினாவின் ஆண்டுத் திருப்பலியை ஊரில் ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்னர் போயிருந்தோம். செலினும் வந்தாள். வந்த இடத்தில் அவளுக்கு மன்னார்க் கழுதைகளைப் பார்க்க வேண்டுமாம். கடலைப் பார், கோட்டையைப் பார் என்றால் தலையாட்டுகிறாள், கழுதை என்றால் முகம் மலர்கிறது. என் அண்ணன் சூசை அரிப்பில் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். அவர்தான் எங்களை மன்னார் பட்டினத்துக்குக் கூட்டிப்போனார்.

பஸ் நிலையத்தடியில் கழுதைகள் வெயிலில் அசையாமல் நின்றன. அதிலொன்றின் நிழலில் மண்ணிற நாய் ஒன்று படுத்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. செலின் தன் கையிலிருந்த மாலுபாண் என்ற மீன் பணிஸில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், அதன் பிறகு அது எங்களை விடவில்லை. மீன் சந்தைக்குள்ளும் பின்னாலேயே வந்தது.

சந்தைக்குள் அது ஒரு மேசைக்குக் கீழே மூக்கை நீட்டியது. அண்ணனோடு கதைத்துக்கொண்டிருந்த மீன்காரர், கதையை நிறுத்தாமலே, சிரித்த முகம் மாறாமலே, இலேசாகக் குனிந்தார். நாய் ஈரத்தில் கால் வழுக்கி விழுந்து, எழும்பி ஓடியது.

"அந்த மாமா என்னத்தைத் தேடினவர்?" என்று செலின் கேட்டாள்.

"காசு ஏதும் விழுந்திருக்கும் பிள்ளை" என்றேன்.

உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெருநாய் கிட்ட வந்தால் கல்லெடுக்கக் குனிவோம். கல் இருக்கோ இல்லையோ, குனிந்தால் போதும், நாய் ஓடிவிடும். எத்தனை கல் பட்டு அது அந்தப் பாடத்தைப் படித்தது என்று ஒருவரும் யோசிப்பதில்லை. நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியாது. இங்கே குனிந்தால் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து முகத்தை நக்கும். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கூசியது. "எங்கட சனம் நல்ல சனம், இரக்கமான சனம்" என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து, வந்ததும் வராததுமாகக் கல்லெறியைப் பற்றியா சொல்வது? ஊரின் மானத்துக்காகச் சொன்ன பொய் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

திரும்பி பஸ் ஏறப் போனால் நாய் அங்கே நிற்கிறது. செலின் அதன் பக்கத்தில் குந்தினாள். அது ஓரடி பின்னுக்குப் போய், பிறகு என்ன நினைத்ததோ, வந்து அவள் முழங்காலில் மோவாயை வைத்தது.

"அப்பா, இவனைக் கொண்டு போவம்" என்றாள்.

அம்மா இல்லாத பிள்ளை. அதுவும் வருடக்கணக்காக என்னிடம் ஒன்றும் கேட்காத பிள்ளை. ஓம் என்றேன்.

3

நாயை நாடு கடத்துவது லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தோலுக்குக் கீழே சிப் வைக்க வேண்டும். விசர்நாய் ஊசி போட வேண்டும். பிறகு இரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, ஊசி பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்திருந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மன்னாரில் கேட்டால் கொழும்பில் கேள் என்பார்கள், கொழும்பில் கேட்டால் மன்னாரில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்பார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். கந்தோர் கந்தோராக அலைந்தது அண்ணன்தான். நாயையும் அவர்தான் அரிப்பில் வைத்திருந்தார்.

"தம்பி, எனக்கு ரெண்டுதரம் விசா இல்லையெண்டு திருப்பி அனுப்பினவங்கள். உன்ர நாய்க்கு ரத்தம் மட்டும் குடுத்தாக் காணுமாம். முதலே சொல்லியிருந்தா நானும் ரத்தத்தைக் குடுத்திருப்பன்" என்று தொலைபேசியில் சிரிப்பார்.

மன்னாரில் எடுத்ததால் செலின் அதற்கு மன்னா என்று பெயர் வைத்தாள். அண்ணனுக்கு அது பெரும் சோதனையாகிவிட்டது. "சந்தை நாயை மன்னா, மன்னா எண்டு கூப்பிட என்னால ஏலாது. ஊர்ச் சனம் கூத்தாடுறன் எண்டு நினைக்குது" என்றார். மீன் தலை போடும்போது மட்டும் "டேய் ராசா" என்று கூப்பிடுவாராம்.

ஒருவழியாக மன்னா வந்து சேர்ந்தது. வந்த கிழமையே செலினுடைய வீட்டிலிருந்த ஒரு பிள்ளைக்கு நாய் மயிரால் இழுப்பு வந்துவிட்டது. "ரெண்டு மாசம் மட்டும் வச்சிருங்கோ அப்பா" என்று கொண்டுவந்து விட்டாள். இரண்டு மாதம் நீண்டுகொண்டே போனது. நான் வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கப்போகிறேன்? நாயைப் பார்க்க அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். வந்து சப்பாத்தைக் கழற்றிப்போட்டுவிட்டு நிலத்தில் இருந்து நாயோடு விளையாடுவாள். நான் மீன் குழம்பு வைப்பேன். சாப்பிடும்போது வாத்தியார்மாரைப் பற்றி, சிநேகிதிகளைப் பற்றி, ஒருநாள் தாயைப் பற்றிக்கூடச் சொன்னாள். எனக்குப் பிள்ளையைத் திருப்பித் தந்தது அந்தச் சந்தை நாய்தான் என்று நான் நம்பினேன்.

ஆனால் மன்னா குரைத்தது. மின்தூக்கிச் சத்தத்துக்குக் குரைத்தது, தபால்காரப் பெண்ணுக்குக் குரைத்தது, கீழ்வீட்டுக் குழந்தையின் தள்ளுவண்டியைக் கண்டால் கயிற்றோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. எங்கள் மாடிக் கட்டடத்தின் நிர்வாகக் குழு என்னைக் கூட்டத்துக்கு அழைத்தது. நான் நாயைப் பழக்கி வளர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவர்களுடைய மொழியில் சொல்லப்போய், சொல் கொஞ்சம் பிசகி, ஒவ்வொரு நாளும் நாயைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நல்லாகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, நாய்ப் பயிற்சி வகுப்புக்குப் போங்கள், அதற்குப் பிறகும் குரைத்தால் நாய் இங்கே இருக்க முடியாது என்று எழுத்தில் தந்தார்கள்.

செலினிடம் சொன்னேன். மன்னாவின் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"சரிவராட்டி, வடக்குப் பக்கம் பண்ணை வச்சிருக்கிற ஒரு குடும்பம் கேட்டவை. அங்க குடுப்பம். அவனுக்கும் நல்லம்."

அவனுக்கு நல்லம்தான். என் சனிக்கிழமைகளுக்கு என்ன நடக்கும்?

4

வகுப்பு புதன்கிழமை பின்னேரங்களில். நடத்துகிறவர் இங்கர் என்ற ஒரு அம்மா, முன்னர் ஆட்டுப்பண்ணை வைத்திருந்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

"தலைவன் என்றால் அதட்டுகிறவன் இல்லை" என்று முதல் நாளே சொன்னார். "அடுத்தது என்ன என்று நாய்க்கு முன்னால் தீர்மானிக்கிறவன். நீங்கள் தீர்மானித்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் நாய்க்கு நிம்மதி. நிமிர்ந்து நில்லுங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள். கயிற்றைத் தளர்த்துங்கள். நாய் உங்கள் வாயைக் கேட்பதில்லை, உங்கள் உடம்பைத்தான் கேட்கிறது."

எனக்கு இது புதுச் சங்கதி. எங்கள் கரையில் தலைவன் என்றால் கரைவலைச் சம்மாட்டிதான், வலைக்குச் சொந்தக்காரர். அவர் போடுகிற சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். சத்தம் குறைந்தால் வலை இழுக்கிறவர்கள் சம்மாட்டிக்குச் சுகமில்லையோ என்று விசாரிப்பார்கள். நான் நிமிர்ந்து நின்று மூச்சு விட்டேன். மன்னா மற்ற நாய்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றது. "இரு" என்றேன், இருக்கவில்லை. அடுத்த கிழமையும் அப்படித்தான், அதற்கடுத்த கிழமையும் அப்படித்தான். என் மூச்சுத்தான் மிச்சம்.

ஒருநாள் காலை வாசலில் தபால்காரப் பெண்ணைக் கண்டு அது குரைக்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. கட்டக் குனிந்தேன். சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். மன்னா வயிறு நிலத்தில் பட, காதுகள் தலையோடு ஒட்ட, சுவரோரமாகப் படுத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு விளங்காது, இங்கருக்கும் விளங்காது. மன்னார்ச் சந்தையைத் தெரிந்தவனுக்குத்தான் விளங்கும். அப்போதே நான் நிலத்தில் இருந்து, கையை விரித்து வெறுங்கை என்று காட்டி, அதைத் தடவிவிட்டிருக்க வேண்டும். மனிதன் என்றால் அதைத்தான் செய்வான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த நாள் கயிறு அவிழாமலே குனிந்தேன்.

பிறகு குனியவும் தேவைப்படவில்லை. வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி விரல்களை விரித்தால் போதும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, தோள் நோகிறது போல என்று நினைப்பார்கள். மன்னாவுக்குத் தெரியும். "இரு" என்றால் இருந்தது. "வா" என்றால் காலோடு ஒட்டி வந்தது. மின்தூக்கி போனால் குரைப்பு இல்லை, தள்ளுவண்டி போனால் பாய்ச்சல் இல்லை. கீழ்வீட்டுத் தாய் என்னைக் கண்டு, என்ன மாற்றம், என்ன மாற்றம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

5

வகுப்பில் எனக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு சொல்லும் சொல்லாமல் நாயை நடத்துகிற மனிதன்! பேருந்து ஓட்டுகிற பொறுமை என்றார்கள், கிழக்கு நாட்டு அமைதி என்றார்கள். தியானம் செய்கிறீர்களா என்று ஒரு கிழவர் கேட்டார். செபமாலை சொல்லுகிறேன் என்றேன். இங்கர் மட்டும் ஒருநாள் மன்னாவை உற்றுப் பார்த்துவிட்டு, "வாலை ஏன் இப்படி உள்ளுக்கு வைத்திருக்கிறது?" என்று கேட்டார்.

"எங்கள் நாட்டு நாய்களுக்கு வால் அப்படித்தான்" என்றேன்.

பார்த்தீர்களா, நாட்டின் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொன்னவன், இப்போது என் மானத்தைக் காப்பாற்ற நாட்டின் தலையில் பழியைப் போட்டேன்.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் நான் தொலைக்காட்சி பார்க்கும்போது மன்னா என் காலில் முதுகை வைத்துப் படுக்கும். அது நின்றுபோனது. அரிசிப் பையைத் தூக்க நான் குனிந்தால் மேசைக்குக் கீழே போய்விடும். ஒருநாள் கீழே விழுந்த கரண்டியை எடுத்தேன். அது நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. துடைக்க வேண்டும் என்றால் நான் குனிய வேண்டும். குனிந்து துடைத்தேன். அது மூலையில் நின்று நடுங்கிக்கொண்டே இருந்தது. "ஒண்டுமில்லை ராசா, ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு துடைத்தேன். என் குரலை அது கேட்கவே இல்லை.

அன்றைக்கே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். விட்டும் பார்த்தேன். சில நாள் போனதும் மன்னா பழையபடி குரைக்கத் தொடங்கியது. நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவர் கதவைத் தட்டினார். அடுத்த நாள் சனிக்கிழமை. செலின் வந்து, "பண்ணைக்குக் கேக்கட்டோ?" என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். தோள் தானாகத் தாழ்ந்தது.

மாதமொருமுறை இங்கே தமிழ்ப் பூசைக்கு ஒரு சுவாமி வருவார். பாவசங்கீர்த்தனத்தில் கோபத்தைச் சொன்னேன், பூசைக்கு வராததைச் சொன்னேன். "வேற?" என்று கேட்டார். "வேற ஒண்டுமில்லை சுவாமி" என்றேன். நாயைப் பயப்படுத்தினேன் என்று சொன்னால் சிரித்துவிடுவாரோ என்று வெட்கம். வெளியே வந்து செபம் சொல்ல முழந்தாளிட்டால் சொல்லே வரவில்லை. கடவுளிடமும் மறைத்துவிட்டு வந்து அவருக்கு முன்னாலேயே முழந்தாளிடுவது எவ்வளவு பெரிய கள்ளத்தனம்!

6

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முன்னால் செய்துகாட்டுகிற நாள் வந்தது. நான் வராமல் இருக்கத் தலையிடி, வயிற்றுக்குத்து எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் செலின் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பெரியப்பாவுக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று கைத்தொலைபேசியோடு முன்வரிசையில் இருந்தாள். என்னுடைய எந்த வேலையைப் பார்க்கவும் அவள் அதற்கு முதல் வந்ததில்லை.

நடந்தேன், மன்னா நடந்தது. நின்றேன், நின்றது. கயிற்றைக் கழற்றி விட்டுவிட்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போனேன், இருந்த இடத்தில் சிலையாக இருந்தது. "பாருங்கள், ஒரு சொல்லும் இல்லை" என்றார் இங்கர். எல்லோரும் கைதட்டினார்கள். தன் நாயோடு படாத பாடு படுகிற ஒரு இளைய தகப்பன் என்னிடம் வந்து, "எப்படிச் செய்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்" என்று கேட்டான். அவனுடைய நாய் அவன் மேல் ஏறி, அவனுடைய காதை நக்கிக்கொண்டிருந்தது. உன்னிடம் இருப்பது என்னிடம் இல்லையடா என்று வாய்வரைக்கும் வந்தது.

"பொறுமை" என்றேன்.

செலின் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "அப்பா, உங்களை நினைக்கப் பெருமையா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்க எத்தனை வருடம் காத்திருந்தேன். கேட்டபோது, நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போல இருந்தது.

7

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை. கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தாள். கைத்தொலைபேசியை மேசையில் வைத்தாள்.

"இதைப் பாருங்கோ அப்பா. பெரியப்பாவுக்கு அனுப்ப வெட்டிக்கொண்டிருந்தனான். மெதுவா ஓட விட்டுப் பாத்தனான்."

பார்த்தேன். மெதுவாக நான் நடக்கிறேன். மெதுவாக என் வலது தோள் தாழ்கிறது. விரல்கள் விரிகின்றன.

"இப்ப அவன்ர காதைப் பாருங்கோ."

மன்னாவின் காதுகள் தலையோடு ஒட்டின. வால் உள்ளே போனது.

"அது ஒரு சைகை பிள்ளை."

"இங்கர் படிப்பிச்சதோ?"

"இல்லை."

"அப்ப என்ன?"

மறைக்க இன்னும் ஒரு பொய் வாயில் இருந்தது. சொல்லியிருக்கலாம். களைத்துப்போனேன். சொல்லிவிட்டேன். கல்லெடுக்கக் குனிவதை, சப்பாத்துக் கயிறு அவிழ்ந்ததை, அடுத்த நாள் அவிழாமலே குனிந்ததை, எல்லாவற்றையும்.

அவள் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப மன்னார்ச் சந்தையில அந்த மாமா காசு தேடேல்லை, என்ன?"

"இல்லைப் பிள்ளை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ ஊரைக் கூடாமல் நினைப்பாய் எண்டு."

அவள் மன்னா பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வை பொறுக்காமல் நான் வழக்காடத் தொடங்கினேன். இங்கே பிள்ளைகளை அடித்தால் சட்டம் வரும் என்று பயந்து கையைக் கட்டிக்கொண்ட தகப்பன்மார் உண்டு. நான் அப்படி இல்லை. சட்டம் இல்லாவிட்டாலும் அடிப்பதில்லை என்று அவள் பிறந்தபோதே எனக்குள் சத்தியம் செய்தவன். வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அது என்று நினைத்திருந்தவன்.

"நான் ஒரு நாளும் அந்த நாய்க்கு எறிஞ்சதில்லை. ஒரு தட்டுத் தட்டினதில்லை. உனக்குந்தான்! உன்னை ஒருக்காலாவது அடிச்சிருக்கிறனோ? நீயே சொல்லு!"

"இல்லை அப்பா. அடிக்கேல்லை." மெதுவாகத்தான் சொன்னாள். "கோவம் வந்தா பெல்ட்டில கை வைப்பியள். கழட்ட மாட்டியள். சும்மா வைப்பியள். நான் உங்கட முகத்தைப் பாத்து வளரேல்லை. உங்கட கையைப் பாத்துத்தான் வளர்ந்தனான்."

"நானோ? அப்பிடியோ செய்தனான்?"

"உங்களுக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே அவளுக்கு ஆச்சரியம். இவ்வளவு காலமும் நான் தெரிந்தே செய்ததாக நினைத்திருக்கிறாள்.

கீழே பார்த்தேன். என் கை பெல்ட்டில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை.

அவள் எழும்பி மன்னாவின் கயிற்றை எடுத்தாள். "நான் இவனைக் கொண்டு போறன்."

"அந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருமே?"

"அவள் ரெண்டு மாசத்துக்கு முன்னமே வேற இடத்துக்குப் போயிட்டாள் அப்பா. நீங்கள் தனிய இருக்கிறியள் எண்டுதான் இவனை இஞ்ச விட்டனான்."

கதவு சாத்தின சத்தம் கேட்டது. நாயைப் பார்க்க வருகிறாள் என்று நினைத்து, அந்த நாயைக் கையில் வைத்திருப்பதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன். அவள் வந்தது என்னைப் பார்க்க. ஐயோ, அதைக் கேட்டறிய ஒரு வார்த்தை போதுமே, நான் கேட்கவில்லையே.

8

அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். "நாயெண்டால் கல்லுக்குப் பயப்படத்தானே வேணும். அதுக்கேன் நீ அழுறாய்? நாங்கள் பயப்படேல்லையோ? அப்பா துடுப்பை எடுக்கக் குனிஞ்சாலே நீ பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடுவாய்." சொல்லும்போதே அவருடைய சிரிப்பு நின்றது. பிறகு, "சரி தம்பி, வைக்கிறன்" என்றார்.

புதன்கிழமை இங்கரிடமும் போய்ச் சொன்னேன். அவருடைய முகம் சிவந்தது. நாய்க்காக என்மேல் நல்ல கோபம் வந்தது அவருக்கு, வர வேண்டியதுதான். "முதலே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். எங்கள் ஊரைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்று இருந்தது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "என் தகப்பன் பண்ணை நாய்க்கு விறகுக்கட்டை எறிந்தவர்" என்றார். "யாரிடமிருந்து மறைத்தீர்கள்?" நாய் மறக்குமா என்று கேட்டேன். மறக்கும் என்று சொல்ல மாட்டேன், அவசரப்படாமல் இருந்தால் ஒருநாள் நம்பலாம் என்றார். நம்பாமலும் விடலாம் என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச்சொல்லிச் செலின் செய்தி அனுப்பியிருந்தாள். பெல்ட் கட்டாமல் போனேன். காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேருந்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது. ஓட்டியவன் என்னோடு வேலை செய்கிறவன், மெலிந்துவிட்டாயா என்று கேட்டான்.

கதவைத் திறந்தவள் சட்டத்தை முதலே சொல்லிவிட்டாள். "கீழ இருங்கோ. கையை மடியில வையுங்கோ. கூப்பிட வேண்டாம். பார்க்கவும் வேண்டாம்."

இருந்தேன். மன்னா மேசைக்குக் கீழே, சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கதவு திறந்தபோது அதன் வால் ஆடியதைக் கண்டேன். என்னைக் கண்டதும் அது நின்றதையும் கண்டேன். முழங்கால் நொந்தது. ஒருபக்கம் காலை நீட்டினால் நல்லது, ஆனால் அசையப் பயம். அது என்னைப் பார்க்கிறதா என்று தெரியவில்லை, நான் பார்க்கவில்லை. செலின் எனக்கு வைத்த கோப்பி ஆறிப்போனது. கடைசியில் மன்னா எழும்பியது. அது சுவரோரமாகவே சுற்றிப் போய், அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

செலின் அதுவரைக்கும் சன்னலடியில் கதிரையில் இருந்து புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை மூடிவிட்டு எழும்பி வந்தாள். எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, நிலத்தில் இருந்தாள். அவள் என் கையைப் பார்த்தாள். நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு, என் நினைவில் முதல்முறையாக, அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.